எனக்கு முன்னால் கை வைத்தவர்கள்

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கலாம் என்று பார்க்கப் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் தம்பி" என்றார் விற்றவர். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. டேங்க் பளபளவென்று இருந்தது, சைலன்சர் சத்தமும் காதுக்கு இதமாக இருந்தது. மயங்கிவிட்டேன். மறுநாள் காலையில் 23 உதை. எண்ணிக்கொண்டே உதைத்தேன், கோபத்தை அடக்க வேறு வழி தெரியவில்லை.

இப்போது யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன்: போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். சூடாக இருந்தால், ஆறட்டும், நாளைக் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. வெதுவெதுப்பான எஞ்சினில் பாதிக் குறைகள் ஒளிந்துகொள்ளும்.

என்னுடையது 150 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், கார்புரேட்டர் வண்டி. பிரிக்கத் தெரிந்தவனுக்கு இதைவிட எளிய எஞ்சின் கிடையாது. எனக்கு அப்போது ஸ்பேனர் அளவுகூடத் தெரியாது. நான்கு வருஷமாக இதோடு மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்தது. தேய்ந்துபோன பாகத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. தேய்ந்தது தேய்ந்த மாதிரியே இருக்கும். ஆளைச் சுற்றவிடுவது, நமக்கு முன்னால் யாரோ அரைகுறையாகப் பார்த்த ரிப்பேர்தான். ஒரு குறையை மறைக்க இன்னொரு திருகைத் திருப்பி வைத்திருப்பார்கள். வண்டியும் ஏதோ ஓடும். நாம் வாங்கிய பிறகு அது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதல் வாரத்திலேயே வண்டிக்கு ஒரு பழக்கம் இருப்பது தெரிந்தது. 15, 20 நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மறுபடி 15 நிமிஷம். சூட்டில் காயில் (பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தருவது) போகுது என்றார் ஒருவர். கார்புரேட்டரில் குப்பை என்றார் இன்னொருவர். இரண்டு பேரையும் நம்பினேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன், காயிலைப் புதிதாக மாற்றினேன். வண்டி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒருநாள் நின்ற இடத்தில், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம். மூடிவிட்டு உதைத்தால் உடனே ஸ்டார்ட். பத்து நிமிஷக் காத்திருப்பே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் மூடியைப் பூட்டாமல் லேசாக வைத்தபடி ஓட்டினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

தண்ணீர் நிறைந்த பாட்டிலைக் கவிழ்த்தால் குளுக் குளுக்கென்று விட்டுவிட்டுத்தானே கொட்டும்? உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வரும். டேங்கும் அப்படித்தான். அதற்காகவே மூடியில் ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் மூடியின் அடியில் யாரோ சிலிக்கான் பசையை அப்பியிருந்தார்கள். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப் பெட்ரோல் கசிந்திருக்க வேண்டும். வாஷரை மாற்றுவதற்குப் பதில் பசை. கசிவு நின்றது, காற்றும் நின்றது. பத்து நிமிஷம் நிறுத்தினால் சரியானது சூடு தணிந்ததால் அல்ல. ஏதோ மயிரிழை இடைவெளியில் காற்று மெல்ல உள்ளே புகுந்துகொண்டிருந்திருக்கிறது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு வாஷர் போட்டேன், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருந்த பழைய காயில் இன்றும் என் பெட்டியில் கிடக்கிறது.

வண்டி நின்றால் பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று பார் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது எஞ்சினை அணைக்க ஹேண்டில்பாரில் இருக்கும் சிவப்பு ஸ்விட்ச். ஒருமுறை பிளக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டி, திரும்பக் கழற்றி அரை மணி நேரம் போராடிய பிறகு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த சிறுவன் "அண்ணே, அது ஆஃப்ல இருக்கு" என்றான். வண்டியைத் துடைக்கும்போது கை பட்டிருக்கிறது. அன்றிலிருந்து சிவப்பு ஸ்விட்ச், பெட்ரோல் டேப், சைடு ஸ்டாண்ட், இந்த மூன்றையும் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

இனி அந்த 23 உதை. காலையில் சோக் போட்டாலும் எளிதில் கிளம்பாது. கிளம்பினாலும் ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடும். சூடான பிறகு ஓடும், ஆனால் ஸ்லோவில் நிற்கும்போது சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். கார்புரேட்டரில் ஸ்லோ ஓட்டத்துக்கென்று தனியாக ஒரு பைலட் ஜெட் உண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால், கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படியும். முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். என்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மறுபக்கம் எதுவும் தெரியவில்லை.

இரண்டு முறை கழுவியும் இது எப்படித் தப்பியது என்று கேட்கலாம். நான் கழுவியது கிண்ணத்தை மட்டும்தான். ஜெட்டைக் கழற்றவே இல்லை. கார்புரேட்டர் கழுவினேன் என்று யார் சொன்னாலும், பைலட் ஜெட்டை வெளியே எடுத்தாயா என்று கேட்பது இப்போது என் வழக்கம். எடுத்தால் கம்பியை விட்டுக் குடைய வேண்டாம். ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி அதைவிடக் கடினம். துளை ஒரு துளி பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறப் போட்டு, காற்றடித்து எடுப்பதே போதும். பிடிவாதமான அடைப்பு என்றால் மின்சார ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று, அதையும் தள்ளாமல் மெதுவாக.

இங்கேயும் பழைய கை ஒன்று இருந்தது. ஜெட் அடைத்துக்கொண்டு ஸ்லோவில் நிற்காமல் போனபோது, யாரோ ஐடிலிங் திருகை நன்றாக உள்ளே இறக்கியிருக்கிறார்கள். அந்தத் திருகு பெட்ரோலைக் கூட்டுவதில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்ததுபோல ஸ்லைடைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. அதனால்தான் சூடான எஞ்சின் என் முன்னால் அழகாக ஓடியது. ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டியதும் எஞ்சின் பேய் மாதிரி அலறியது. பயந்துபோய் அணைத்தேன். யாரோ இறக்கிவைத்த திருகு நினைவுக்கு வந்து, அதை வெளியே எடுக்க எடுக்க, சத்தம் இறங்கி ஒரு சீரான துடிப்புக்கு வந்தது. அந்தத் துடிப்பை இந்த வண்டியில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

பக்கவாட்டில் இன்னொரு சின்னத் திருகு உண்டு, கலவையைச் சரிசெய்வது. அதைத் தொடும் முன், மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டியதும் இறுக்கக் கூடாது, முனை ஊசி மாதிரி இருக்கும், நசுங்கிவிடும். அந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கமாக இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால்தான் கூடும். இந்த ஒன்று தெரியாமல் எதிர்த்திசையில் திருப்பித் திருப்பி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

கார்புரேட்டர் கிண்ணத்தின் திருகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கில் இரண்டின் தலை ஏற்கெனவே வழுக்கியிருந்தது. மூன்றாவதை வழுக்க வைத்தவன் நான். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் இருக்கும் பிளஸ் திருகுகள், சாதாரண பிளஸ் ஸ்க்ரூ டிரைவர்களுக்கான வெட்டு அல்ல. அவற்றுக்கு ஜேஐஎஸ் என்று தனி அளவு உண்டு. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. சாதாரண டிரைவர் முழுதாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது தலையையும் தின்றுகொண்டு வரும். சரியான டிரைவர் ஒன்று வாங்கிய பிறகு எனக்கு இந்த அழுகை இல்லை. வழுக்கிய மூன்றையும் எடுத்துவிட்டு ஆலன் கீ போடும் போல்ட் மாட்டினேன்.

அதே சூட்டோடு இன்னொரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயில் வடிக்கும் போல்ட்டை, கசியக் கூடாதே என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். இறுகிக்கொண்டே வந்தது, சட்டென்று இலகுவானது. அந்த இலகுவை ஒருமுறை கை உணர்ந்துவிட்டால் மறக்காது. மரை கழன்றுவிட்டது. ஒரு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, எஃகுக் கம்பிச் சுருளில் புது மரை வைத்துக் கொடுத்தார்கள். அதைச் செய்த முதியவர், "தம்பி, இறுக்குறது கையில பலம் இருக்குன்னு காட்டுறதுக்கு இல்ல. புது வாஷர் போட்டிருந்தா பாதி பலம் போதும்" என்றார். பழைய செம்பு வாஷரையே மூன்றாவது முறையாகப் போட்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்தது மழை. தூறல் விழுந்தாலே வண்டி மிஸ் அடிக்கும். காய்ந்துவிட்டால் சரியாகும். இதற்கு நான் கற்றுக்கொண்ட சோதனை அழகானது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் பிளக் ஒயர் மேலும், அதன் முனையில் பிளக்கை மூடும் கேப் மேலும் புகை மாதிரி லேசாகத் தெளித்தேன். கேப்பின் கழுத்திலிருந்து நீலப் பொறி எஞ்சின் மேல் தாவுவது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் கை வைத்தால் நல்ல அடி விழும், தள்ளி நின்றே பாருங்கள். கேப்புக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பல வண்டிகளில் 5 கிலோ ஓம். மீட்டரில் என்னுடையது எதுவுமே காட்டவில்லை. ரப்பர் வெடித்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. ஒயரின் முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, பளிச்சென்று செம்பு தெரிந்த இடத்தில் புதுக் கேப்பைத் திருகினேன். மழைப் பிரச்சினை அன்றோடு போனது.

கேப்பைப் பார்க்கப் போனவன் பிளக்கையும் பார்த்தேன். நிறம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெளிர் பழுப்பு நல்லது, காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் ஏறுகிறது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு மீறுகிறது. நான் கவனிக்காதது நீளம். மேனுவலில் சொன்ன பிளக்கைவிட என் வண்டியில் இருந்ததன் மரைப் பகுதி குட்டையானது. அது எட்டாத ஹெட்டின் மிச்ச மரைகளில் கரி பிடித்திருந்தது. புதுப் பிளக்கை நேரடியாகத் திருகியிருந்தால் அந்தக் கரியில் சிக்கி ஹெட்டின் மரையே போயிருக்கும். எண்ணெய் தடவிய பழைய துணியால் சுத்தம் செய்து, கையாலேயே கடைசிவரை திருக முடிகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் ஸ்பேனர். குட்டைப் பிளக்காவது பரவாயில்லை. நீளமானதைப் போட்டால் பிஸ்டன் வந்து முட்டக்கூடும்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு குறை மிச்சம். குளிர்ந்திருக்கும்போது சுகமாகக் கிளம்பும் வண்டி, நன்றாகச் சூடேறி நின்றால் கிளம்ப அடம்பிடிக்கும். கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். ரிங் போய்விட்டது, எஞ்சின் வேலை என்று மனசைத் தயார்செய்துகொண்டேன். அதற்கு முன் டாப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்க்கலாம் என்று தோன்றியது நல்ல காலம். இந்த வண்டிக்கு இன்டேக் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி குறி ஃபிளைவீலில் நேராக வரும்போது, இரண்டு ராக்கரிலும் லேசான ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறிக்குக் கொண்டுவர வேண்டும். என்னுடையதில் இரண்டு முறை சுற்றியும் எக்ஸாஸ்டில் ஆட்டமே இல்லை. 0.03 மி.மீ. அளவுத் தகடுகூட நுழையவில்லை.

டாப்பட் சத்தம் போடுகிறது என்று யாரோ புலம்பியிருக்கிறார்கள், யாரோ இறுக்கிச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லாததால் அது முழுதாக மூடாது, அழுத்தம் வெளியேறும். அதைவிட மோசம் இன்னொன்று: எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, மூடி உட்காரும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான். உட்காராத வால்வு கருகும். 0.10 வைத்ததும் கிக்கரில் பழைய எதிர்ப்பு திரும்பியது, சூட்டிலும் ஒரே உதை. இப்போது டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் கேட்கும். கேட்கட்டும். அந்தச் சத்தம் எனக்கு நிம்மதி.

பேட்டரி விஷயத்தில் காசைத் தண்ணீராக விட்டேன். செல்ஃப் எடுக்கவில்லை, டக் டக்கென்று ரிலே மட்டும் அடித்தது. புதுப் பேட்டரி மாட்டினேன். பத்து நாளில் அதுவும் படுத்துவிட்டது. அப்போதுதான் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். முதலில் வாங்கியிருந்தால் அந்தப் பேட்டரியின் அவசரம் இருந்திருக்காது. ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். எஞ்சினை 4000 ஆர்பிஎம் அளவுக்கு ஓட்டினால் 13.5-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். என் வண்டியில் ஓடும்போதும் 12.3, அணைத்தாலும் 12.3. சார்ஜே இல்லை. 15-ஐத் தாண்டினால் எதிர் நோய், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்ப் பேட்டரி வெந்துகொண்டிருக்கும்.

ரெகுலேட்டரை வாங்கக் கிளம்பிவிட்டேன், வாசல் வரை போய்த் திரும்பினேன். வீணாக மாற்றிய காயில் ஞாபகம். எஞ்சினிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைப் பின்தொடர்ந்து போனால், சீட்டுக்கு அடியில் கனெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் உருண்டை. பிரித்தால் மூன்று ஒயரும் முறுக்கி விடப்பட்டிருக்கின்றன, ஒன்று கருகித் தனியே நிற்கிறது. முறுக்கிய இடம் தளர்ந்தால் அங்கே தடை கூடும், சூடாகும், சூடானால் இன்னும் தளரும். கருகியதை வெட்டியெறிந்து, நல்ல கனெக்டர் ஒன்றை இடுக்கியால் அழுத்திப் போட்டேன். 14.1 வோல்ட். அதே இடத்தில் ஃபியூஸ் பெட்டியையும் திறந்தேன். 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு ஒயர். அடிக்கடி ஃபியூஸ் போனதற்கு யாரோ கண்ட தீர்வு அது. பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரு முழத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பழைய வண்டி வாங்கிய அன்றே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கிளட்ச் முழுக்க என் கைவரிசை. வீட்டில் காருக்கு வாங்கிய நல்ல ஆயில் மிச்சம் இருந்தது, விலை உயர்ந்ததும்கூட. அதை ஊற்றினேன். ஒரு வாரத்தில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தம் எகிறும், வேகம் ஏறாது. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் எஞ்சினும் கியரும் கிளட்சும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் உண்டு. கிளட்ச் பிளேட் வாழ்வதே உராய்வில். இதற்காகவே 1998-லிருந்து ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் இந்த மாதிரி ஈரக் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்று இருந்தால் உராய்வு குறைவானது, கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு. ஆயிலை இரண்டு முறை மாற்றிய பிறகு வழுக்கல் பாதி குறைந்தது. மீதிக்குப் பிளேட்டுகளையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்குமுன் கேபிளையும் பார்த்துவிடுங்கள். லீவர் முனையில் 10-லிருந்து 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். புதுப் பிளேட்டை மாட்டும் முன் ஆயிலில் ஊற வைக்க வேண்டும்.

இந்த ஆயில் கூத்துக்குப் பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். தேதி, கிலோமீட்டர், எதைத் தொட்டேன், எத்தனை சுற்று, என்ன மாறியது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆயிலையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது. எழுத ஆரம்பித்ததும் என்னை அறியாமலேயே கண்டதையும் கழற்றுவது குறைந்தது.

பிரேக்கைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, காரணம் அதில் நான் பரிசோதனை செய்வதில்லை. முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிந்து, டிஸ்க் மேல் இறங்கி, பேடு ஊறி, ஒருநாள் சிக்னலில் பிரேக் பிடிக்காமல் நழுவினேன். வாரத்துக்கு ஒருமுறை ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் தள்ளிப் போட வேண்டாம். எண்ணெய் குடித்த பேடைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. பிரேக் ஃபுளூயிட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டியின் ஃபுளூயிட் கிண்ண மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான். டாட் 5 சிலிக்கானில் ஆனது, இவற்றோடு சேராது. புதிதாகச் செய்கிறவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது ஏதோ பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல டக்கென்று நிற்கிறதா? ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. இறுக்கி ஓட்டினால் இன்னும் கெடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். வாங்கும் முன் இவற்றைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

செயினுக்கு வருகிறேன். விற்றவர் புதுச் செயின் போட்டிருந்தார், பெருமையாகச் சொன்னார். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றவில்லை. பல் கொக்கி மாதிரி வளைந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் சில மாதம்கூடத் தாங்காது. போட்டால் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒன்றாகப் போட வேண்டும். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தொய்வு சரியாக வருமாறு வைக்க வேண்டும். என் வண்டிக்கு 25 மி.மீ. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துணியால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியோடு விரலும் போகும். அணைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. செயின் தொங்குவது அசிங்கம் என்று நினைத்து, தந்தி மாதிரி விறைப்பாக வைத்திருந்தேன். ஆள் ஏறி உட்கார்ந்து பின் ஷாக் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும், அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேல் விழும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது முன் ஸ்ப்ராக்கெட் மூடியின் அடியில் தினமும் ஒரு சொட்டு ஆயில். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட் சீலைச் சுற்றிச் சிலிக்கான் பசை. டேங்க் மூடியில் இருந்த அதே சாம்பல் நிறம். முதலில் அதை அப்பியவரைத் திட்டினேன். அப்புறம் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் லேசாக ஆடுகிறது. சீல் மட்டும் என்றால் வெளியிலிருந்தே நெம்பி எடுத்து மாற்றிவிடலாம், வாங்கியும் வைத்துவிட்டேன். பேரிங் என்றால் எஞ்சினைப் பிளக்க வேண்டும். அவர் பசை அப்பியதால் கசிந்ததா, நான் செயினை இறுக்கியதால் ஆட்டம் வந்ததா என்று நோட்டைப் புரட்டினால் பதில் இல்லை. நோட்டு ஆரம்பித்ததே இரண்டாம் வருஷத்தில்தான். வாரம் ஒருமுறை சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆயில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.